கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு

காஞ்சிபுரத்தில் மரப்பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர், வணிகர் ஆண்டு மலர் ஒன்றில், விரல் பட்ட மாத்திரத்தில் நின்றுவிடும் டேபிள் சா என்ற மேசை ரம்பத்தைப் பற்றி நான்கு பக்கத்துக்கு எழுதித் தள்ளியிருக்கிறார். தலைப்பில் "தேவையா?" என்று ஒரு கேள்விக்குறி தொங்குகிறது, உள்ளே போனால் ஒரு வரியிலாவது சந்தேகத்தின் வாசனை வீச வேண்டுமே, கிடையாது. தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு வழக்கைத் தேடிப் புறப்பட்டவரின் எழுத்து அது. நம் ஆசாரிமார் கைத்திறன் படைத்தவர்கள், அவர்களுக்கு இது வேண்டாம்; விலை கட்டுப்படியாகாது; ஈரமரம் பட்டாலே நின்று தொலைக்கும்; பாதுகாப்பு கூடினால் அலட்சியம் கூடும்; எல்லாமே அமெரிக்கக் கம்பெனியின் காப்புரிமை வியாபாரம்; கையுறை போட்டுக்கொண்டால் போதும்; அப்படியே விரல் போனாலும் இப்போதெல்லாம் ஒட்டவைத்துவிடுகிறார்கள். ஒன்று மெய்யானால் மற்றொன்று பொய்யாகுமே என்ற கவலை இந்த ஏழு வாதங்களில் ஒன்றுக்கும் இல்லை.

இதை வேறு ஊரிலிருந்து எழுதியிருந்தால் சும்மா விட்டிருக்கலாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் இடம் இதே காஞ்சி. சரியான வாதத்துக்கு உறுப்புகள் எவை, போலி வாதம் எத்தனை வகை என்று அவர் பகுத்துக்கொண்டே போவார்: ஏதுப் போலியில் அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்று, எடுத்துக்காட்டில் நேரும் போலிகள் அதற்குமேல் தனி. இத்தனை போலிகளுக்கும் நடைமுறையில் உதாரணம் எங்கே கிடைக்கும் என்று தமிழ் வகுப்பு மாணவர்கள் மலைப்பதுண்டு. இனி மலைக்க வேண்டாம், மலரே போதும்.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுவோம். வாசகருக்காக அல்ல, அதைப் பார்க்காமலேயே எழுதியிருக்கிறார் என்று தோன்றும் அன்பருக்காக. சாஸ்டாப் என்ற அந்த இயந்திரத்தின் பிளேடில் எப்போதும் மெல்லிய மின்குறிகை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, மனித உடல் கடத்தும். தோல் பட்டதும் குறிகை சரியும். சரிந்த கணத்தில் ஒரு சிறு கம்பி உருகி அறுந்து, அது இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, ஓர் அலுமினியக் கட்டையைப் பிளேடின் பற்களுக்குள் திணிக்கும். பிளேடு அதில் கடித்து நின்று, தன் வேகத்தாலேயே மேசைக்குக் கீழே இறங்கிவிடும். எல்லாம் ஐந்து மில்லி நொடிக்குள். ஒரு நொடியை 200 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. விரலில் கீறல் விழும், பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு டீ குடிக்கப் போகலாம். அலுமினியக் கட்டை அடங்கிய பெட்டியும் அநேகமாகப் பிளேடும் பாழ். புதிது வாங்கி மாட்ட வேண்டும்.

"முப்பது வருஷக் கைக்கு எதற்கு பிரேக்?" என்பது அன்பரின் முதல் முழக்கம். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆபத்தைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பின்வாங்க எவ்வளவு சுறுசுறுப்பான மனிதனுக்கும் நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது பிடிக்கும். அதற்குள் பிளேடு 13 சுற்று முடித்திருக்கும், 40 பல் பிளேடு என்றால் 500 பற்களுக்கு மேல் அந்த இடத்தைக் கடந்திருக்கும். பட்ட பிறகு முப்பது வருஷக் கையும் மூன்று நாள் கையும் ஒரே கைதான். அதோடு, முப்பது வருஷக்காரர் என்பவர் யார்? ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அந்தப் பற்களுக்கு முன்னால் கையை நீட்டி, அதை முப்பது வருஷம் செய்தவர். சூதாட்டத்தில் அதிக ஆட்டம் ஆடியவருக்குத் தோல்வி வராது என்று எந்தக் கணக்கு சொல்கிறது? முப்பது வருஷ அனுபவம் விரல் உள்ளவரிடமும் இருக்கிறது, விரல் போனவரிடமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் நிற்கும் ஒரு காரணத்தைக் காட்டி ஒரு பக்கத்தை மட்டும் நிறுவப் பார்ப்பதற்குப் பெயர்தான் அநைகாந்திகம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நம் பாட்டிகள் இதையே தருக்கம் படிக்காமல் சொன்னார்கள்.

கைத்திறனை மெய்ப்பிக்க அன்பர் இரண்டு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுகிறார். ஒருவர் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி. மற்றவர் சாட்சாத் அத்தி வரதர், குளத்துக்குள் இருக்கும் அத்திமரப் பெருமாள். நெசவாளியின் கைக்கு எந்தப் பாதுகாப்புக் கருவி இருக்கிறது, அவர் கரையைச் சேலையோடு இணைக்கும் கோர்வை போடவில்லையா என்று கேட்கிறார். போடுகிறார், அழகாகவே போடுகிறார். ஆனால் அந்தத் தறியை ஓட்டுவது எது? அவருடைய காலும் கையும். மிதியை விட்டால் தறி நின்றுவிடும். நாடாவைப் பிடித்த கை தயங்கினால் நாடாவும் தயங்கும். இழை அறுந்தால் நிறுத்தி, முறுக்கிச் சேர்த்து, பிறகு தொடரலாம். மனிதனின் தயக்கத்துக்குக் கட்டுப்பட்ட கருவி அது. டேபிள் சாவின் மோட்டாருக்கு அந்தத் தயக்கம் தெரியாது. மரம் வந்தால் மரம், கை வந்தால் கை. தறிக்குள்ளேயே நிறுத்தம் இருக்கிறது, ரம்பத்துக்குள் இல்லை, அதனால்தான் அதை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது என்று நெசவாளியின் உதாரணம் நம் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. அத்தி வரதர் விஷயம் இன்னும் வேடிக்கை. அவரைச் செய்த கைகளுக்கு அமெரிக்க பிரேக் இருந்ததா என்பது கேள்வி. அந்தக் கைகளின் கீழே நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் பிளேடும் இல்லையே? தலபுராணமோ பிரம்மனையும் விசுவகர்மாவையும் சொல்கிறது. அவர்களுக்குக் கைகள் தாராளம், நம் ஆசாரிக்கு இரண்டே. வரதர் 1979இல் குளத்திலிருந்து எழுந்தருளினார், மறுபடியும் 2019இல் எழுந்தருளினார், நாற்பது ஆண்டு காத்திருந்தால் அடுத்த முறையும் வருவார். போன விரல் எத்தனை மாமாங்கம் காத்திருந்தாலும் வராது.

இரண்டு பக்கம் தள்ளி, அதே பேனா, அதே மை, வேறொரு வாதம் எழுதுகிறது: பாதுகாப்புக் கருவி வந்தால் தொழிலாளி அலட்சியமாகிவிடுவான். முதல் பக்கத்தில் தெய்வாம்சம் பொருந்திய கைத்திறனாக இருந்தவர் மூன்றாம் பக்கத்தில் ஒரு பிரேக்கைக் கண்டதும் கையைக் கொண்டுபோய் பிளேடில் நீட்டும் மூடராகிவிட்டார். இடையில் என்ன நடந்தது? எழுதியவரின் தேவை மாறியது, வேறொன்றும் நடக்கவில்லை. திறமை இருப்பதால் கருவி வேண்டாம் என்றால், கருவி வந்தாலும் திறமை எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை; கருவி வந்ததும் கலைந்துவிடும் திறமை என்றால் அதற்குத் திறமை என்று பெயரில்லை, பயம் என்றே பெயர். தான் நிறுவ வந்ததைத் தானே கவிழ்க்கும் இந்தக் காரணத்தைத்தான் விருத்தம் என்றார்கள். தவிர, அந்த பிரேக் இலவசமாகவா வேலை செய்கிறது? ஒருமுறை பாய்ந்தால் பெட்டிக்கு 100 டாலர் அளவில் செலவு, பிளேடு தனி. அந்தப் பணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்ளும் முதலாளிமார் நிறைந்த ஊரில் எந்த ஆசாரி விளையாட்டுக்குக் கையை வைத்துப் பார்ப்பார்? அன்பர் தம் வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அப்போதுதான் பிள்ளைகள் சுவிட்சில் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று சொல்வாரா?

அலட்சியம் என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்ததே. விரல் போன மறுநாள் பட்டறையில் கேட்கும் வாக்கியங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான்: தூக்கம் கெட்டு வந்திருந்தான், செல்போன் பார்த்தான், ராத்திரி போட்டுவிட்டு வந்தான். மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் இந்தக் காஞ்சித் தெருக்களில்தான் நடக்கிறது. போதையில் தன் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், வழியில் அகப்பட்ட பௌத்தத் துறவியைப் பிடித்து நீதான் திருடன் என்று ஊரைக் கூட்டுவான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிப் போனது ஒரு நாய். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் குற்றம் சாட்டும் குரலின் உச்சத்துக்கும் குற்றவாளி யார் என்பதற்கும் நம் ஊரில் சம்பந்தம் ஏற்படவில்லை.

ஈரமர வாதம் நீளமாக ஆராயத் தகுதியுடையதல்ல. ஈரம் மிகுந்த மரம் மின்சாரம் கடத்தி பிரேக்கைப் பாய வைக்கலாம் என்பது உண்மை. அதற்காகவே அந்த அமைப்பைத் தற்காலிகமாக முடக்கி அறுக்கும் வசதியை அந்த இயந்திரத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பது அன்பர் எழுதாமல் விட்ட மீதி உண்மை. பச்சை மரத்தைப் பிளக்கும் இடம் சாமில். நிலையும் கதவும் கட்டிலும் செய்யும் பட்டறைக்கு வருவது காய்ந்த மரமாக இருக்க வேண்டும். உங்கள் பட்டறை மரம் மின்சாரம் கடத்தும் அளவுக்கு ஈரமாக இருக்கிறது என்று அச்சில் போட்டுச் சொல்வது, பிரேக்கைப் பற்றிய புகாரா, அல்லது உங்களிடம் கதவு வாங்கியவர்கள் கோடையில் கண்ட விரிசலுக்கு எழுத்துமூல வாக்குமூலமா?

கையுறைக்கு வருகிறேன். இங்கே நகைச்சுவை தீர்ந்து பயம் தொடங்குகிறது. சுழலும் பிளேடுக்கு முன்னால் கையுறை போடக்கூடாது என்பது மரவேலை இயந்திரப் பயிற்சியின் முதல் நாள் பாடம். பற்கள் துணியின் ஒரு நூலைக் கவ்வினால் போதும், விரலோடு போயிருக்க வேண்டிய காயம் மணிக்கட்டு வரை இழுபடும். பாதுகாப்பைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவர் எழுதிய ஒரே செயல்முறை யோசனை, படித்தவரின் கையைக் கூடுதலாகப் பறிக்கக்கூடியது. இந்த மலர் எந்த இளைஞன் கையில் கிடைக்கிறதோ, அவன் வீட்டார் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

அடுத்தது ஒட்டவைப்பது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது. அதன் புகழை அன்பர் தம் வாதத்துக்குக் கடன் வாங்குகிறார். கத்தி வெட்டிய விரலும் ரம்பம் அறுத்த விரலும் அந்த மருத்துவர்களுக்கு ஒன்றல்ல. ரம்பம் வெட்டுவதில்லை, மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு எலும்பையும் நரம்பையும் ரத்தக் குழாயையும் தூளாக்கி எடுத்துக்கொண்டு போகிறது, மிச்சத்தைப் பிய்த்து விடுகிறது. மரத்தில் விழும் அறுப்பின் அகலத்தைக் கணக்கில் சேர்க்காமல் எந்தத் தச்சரும் அளவு குறிப்பதில்லை. விரல் என்று வரும்போது மட்டும் அந்த அகலம் மறந்துவிடுமா? அறுந்த துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைத்தான் பனிக்கட்டிமேல் வைக்க வேண்டும்; பதற்றத்தில் விரலை நேராக ஐஸில் போட்டுக் கெடுத்தபின் 75 கிலோமீட்டர் தாண்டி ஓடுபவர்கள் உண்டு. எல்லாம் சரியாக அமைந்து விரல் பிழைத்தாலும் பல பேருக்கு அது மடங்காது, உணர்ச்சி முழுதாகத் திரும்பாது. ஒரு கீறலோடு முடிந்திருக்க வேண்டியதை நுண்ணறுவைச் சிகிச்சைக்கும் மாதக்கணக்கான பயிற்சிக்கும் அனுப்பிவைத்து, அதைச் செலவு குறைந்த வழி என்று எழுதுபவரிடம் என்ன சொல்ல?

அமெரிக்கச் சதி பற்றி அன்பர் சொல்வதில் பாதி உண்மை. அவருக்குத் தெரியாத உண்மைகளையும் சேர்த்தே தருகிறேன், எடுத்துக்கொள்ளட்டும். ஸ்டீஃபன் காஸ் இயற்பியலில் முனைவர், தொழிலால் காப்புரிமை வழக்கறிஞர். 1999இல் இந்த பிரேக்கைக் கண்டுபிடித்து, சாஸேஜ் துண்டை பிளேடில் விட்டுக் காட்டினார், பிறகு தம் விரலையே வைத்துக் காட்டினார். பெரிய கம்பெனிகளிடம் உரிமத்துக்காகப் போனார், அவை வாங்கவில்லை. சாஸ்டாப் என்ற பெயரில் தாமே தயாரிக்கத் தொடங்கினார். 2003இல், இத்தகைய பாதுகாப்பைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அவரே மனுவும் போட்டார். கட்டாயமானால் காசு யார் பைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போஷ் கம்பெனி 2016இல் வேறொரு முறையில், பிளேடைக் கெடுக்காமல் கீழே இழுக்கும் ரியாக்ஸ் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது; அதன் மீது காப்புரிமை வழக்குப் போட்டு 2017இல் இறக்குமதியைத் தடுத்ததும் சாஸ்டாப்தான். சுயநலம் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் உரிமம் வாங்க மறுத்த கம்பெனிகள் எந்தப் பரோபகாரத்தால் மறுத்தன? ரியோபி ரம்பத்தில் கையில் படுகாயம் அடைந்த தொழிலாளி ஒருவருக்கு 2010இல் பாஸ்டன் ஜூரி 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அவர் மீதும் ஒரு பங்கு கவனப்பிசகு உண்டு என்று சொன்ன அதே ஜூரிதான், இருக்கிற பாதுகாப்பைத் தெரிந்தே வைக்காமல் விற்றவனை விடவில்லை. 2024இல் சாஸ்டாப் தன் முக்கியக் காப்புரிமை ஒன்றை, கட்டாய விதி அமலுக்கு வந்தால் பொதுவுக்கு விட்டுவிடுவதாக அறிவித்தது. இதற்கிடையில் ஆஸ்திரியாவின் ஃபெல்டர், கை நெருங்கும்போதே பிளேடை இறக்கிவிடும் முறையை 2019இல் காட்டிவிட்டது. காஸ் பேராசைக்காரர் என்று நிரூபித்தாலும் ஐந்து மில்லி நொடி ஆறு மில்லி நொடி ஆகாது. மேலும், புவிசார் குறியீடு என்ற வேலிக்குள்ளும் 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் என்ற வேலிக்குள்ளும் பத்திரமாக வியாபாரம் நடக்கும் ஊரிலிருந்து ஒருவர், தன் கண்டுபிடிப்புக்கு வேலி போட்டான் என்று அமெரிக்காக்காரனைத் திட்டுவதைக் கேட்கக் காமாட்சிக்கே சிரிப்பு வரும்.

இனி விலை. கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதை மூடப் போட்ட பட்டு. சாஸ்டாப்பின் மிகச் சிறிய ரம்பமே 900 டாலர் அளவில். கப்பல் கூலி, சுங்கம், அமெரிக்க மின்னழுத்தத்துக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இந்தத் தொகையை அன்பர் தடித்த எழுத்தில் போட்டு, "இது கட்டுமா?" என்று கேட்கிறார். கேட்கட்டும். ஆனால் கணக்கென்றால் பற்றும் வரவும் வேண்டாமா? இடது பக்கத்தில் இயந்திரத்தின் விலை இருக்கிறது. வலது பக்கம் வெற்றுத் தாள். விரலின் விலை எங்கே?

அப்படியொரு விலை இருக்கிறது. ஏகலைவனின் கட்டைவிரலுக்கு வியாசர் விலை போடவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போட்டது. அதன் அட்டவணையைக் காய்கறிக் கடை விலைப்பலகை போலப் படிக்கலாம்: கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரலும் சுண்டுவிரலும் தலா 7, ஒரு கையின் நான்கு விரல்களும் என்றால் 50. மாதம் 15,000 ரூபாய் ஊதியத்தில், முப்பது வயது ஆசாரி என்று வைத்துக்கொள்வோம். ஊதியத்தில் 60 விழுக்காட்டை அந்த வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கினால் முழு ஊனத்துக்கு 18,71,820 ரூபாய். அதில் சுட்டுவிரலின் பங்கு 2,62,055. கட்டைவிரலின் பங்கு 5,61,546. அன்பரே, உங்கள் கணக்குப்படியே ஒரு சுட்டுவிரல் காசில் உங்கள் "கட்டுப்படியாகாத" இயந்திரங்கள் இரண்டு வாங்கலாம். ஒரு கட்டைவிரல் காசில் பட்டறை முழுதும் மாற்றலாம். மோட்டார் ஓடும் உற்பத்திக்கூடம் என்றால் இரண்டு பேர் வேலை பார்த்தாலும் இந்தப் பொறுப்பு முதலாளி தலையில்தான்.

பிறகு எப்படி இயந்திரம் நஷ்டமாகவும் விரல் லாபமாகவும் தெரிகிறது? ஒரே ஒரு வழியில்தான் தெரிய முடியும். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டி, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, "குணமானதும் வா, பார்க்கலாம்" என்று அனுப்பிவைப்பதோடு விவகாரம் முடிந்துவிடும் என்ற உறுதி இருக்க வேண்டும். அந்த இழப்பீட்டைக் கொடுக்கவே போவதில்லை என்பது இவருடைய கணக்கின் முதல் வரி. அச்சில் வராத வரி. கட்டுப்படியாகாது என்ற காரணமே இன்னும் நிறுவப்படாத காரணம், அசித்தம்; அதை நிறுவ வேண்டுமானால் சட்டத்தை ஏமாற்றுவேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேர்மையையாவது எதிர்பார்க்கலாமா?

நேர்மை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. விலைதான் தடை என்றால், விலையில்லாத பாதுகாப்பை என்ன செய்தீர்கள்? ஓரளவு நல்ல எந்த டேபிள் சாவை வாங்கினாலும் பெட்டிக்குள்ளேயே மூன்று பொருள் வரும்: பிளேடை மூடும் கார்டு, மரத்தைத் தள்ளும் புஷ் ஸ்டிக், பிளேடின் பின்புறம் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு. நீளவாட்டில் அறுக்கும்போது மரம் தன் உள்ளிறுக்கத்தால் மூடிக்கொண்டு பிளேடின் பின்பல்லைக் கவ்வும். மேலே எழும் அந்தப் பல் மரத்தைத் தூக்கி அறுப்பவர்மேல் எறியும், மரத்தின்மேல் இருக்கும் கையைப் பிளேடுக்குள் இழுத்துப் போடும். அந்தத் தகடு அறுத்த இடைவெளியை மூடவிடாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பிரிட்டன் 1922லேயே மரவேலை இயந்திர விதிகளில் இதைக் கட்டாயமாக்கியது. நம் தொழிற்சாலை விதிகளின் மரவேலை அட்டவணையிலும் தகடு, கார்டு, தள்ளுகட்டை மூன்றும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டாம், கழற்றாமல் இருந்தால் போதும். பட்டறைகளில் அவை எங்கே? வேலைக்கு இடைஞ்சல் என்று முதல் நாளே கழற்றிப் பரணில் போட்டாயிற்று. ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றும் உண்டு, கார்டு மட்டும் பரணிலேயே தூசி தின்னும். இலவசமாக வந்ததைக் கழற்றி எறிந்தவர், விலை கொடுத்து வாங்க வேண்டியதை விலைக்காக மறுக்கிறேன் என்றால் நம்ப நாம் என்ன மலரின் சந்தாதாரர்களா?

அதைவிட மோசமானதை அன்பர் "நம்மவர் புத்திசாலித்தனம்" என்று புகழ்ந்திருக்கிறார். மார்பிள் அறுக்கும் நான்கங்குல கட்டரில் மர பிளேடை மாட்டி, தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் பலகைக்கு அடியில் திருகி, சுவிட்சை டேப் சுற்றி அழுத்திவைத்து, டேபிள் சா என்று பெயர் சூட்டும் அந்தக் கலை. கார்டு கிடையாது, தகடு மாட்ட இடமே கிடையாது. நிமிடத்துக்கு 12,000 சுற்று. விளிம்பு வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர். நிறுத்த வேண்டுமானால் பலகைக்கு அடியில் குனிந்து டேப்பைப் பிய்க்க வேண்டும், அல்லது சுவரில் பிளக்கைத் தேடி ஓட வேண்டும். சைட்டில் கூலிக்குப் போகும் ஆசாரி கைப்பணம் இல்லாமல் இதைச் செய்தால் அவரைத் திட்ட எனக்கு வாய் வராது. ஷோரூம் வைத்திருப்பவர் இதைப் பாரம்பரியச் சிக்கனம் என்று மெச்சினால்?

எதிராளிக்கு நானே வாதம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருப்பது பரிதாபம்தான், ஆனாலும் கொடுக்கிறேன்: பிரேக்கால் ஆகாதது ஒன்று உண்டு. தோலைத் தொட்டால்தான் அது பாயும். தூக்கி எறியப்பட்ட மரக்கட்டை வயிற்றில் மோதுவதையோ முகத்தில் அடிப்பதையோ அது தடுக்காது. அதற்குத் தகடுதான் வேண்டும். ஆகவே வாங்கலாமா என்று யாராவது நேர்மையாகக் கேட்டால் என் பதில் இது. கட்டரைக் கவிழ்த்து வைத்திருப்பவர் முதலில் அதைக் கழற்றி மார்பிளுக்கே திருப்பிக் கொடுக்கட்டும்; ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும் முறையான ரம்பத்தை, தகடும் கார்டும் கழற்றாமல் ஓட்டட்டும். காலை முதல் மாலை வரை ரம்பம் ஓயாத பட்டறை, கூலிக்கு ஆள் வைத்து அறுக்கும் பட்டறை என்றால் பிரேக் உள்ள இயந்திரத்தை வரவழைத்தாவது வாங்க வேண்டும். அதன் விலை மேலே போட்ட கணக்கின் கட்டைவிரலைவிடக் குறைவு. தனக்குத்தானே அறுத்துக்கொள்ளும் முதலாளி வாங்காமல் இருந்தால் அது அவர் விரல், அவர் விருப்பம். பிறர் கையை வைத்துச் சிக்கனம் பிடிப்பவருக்கு அந்த உரிமை எந்தக் கடையில் கிடைத்தது?

கடைசியாக ஒரு சில்லறைக் கணக்கு. கட்டுரையின் முதல் பத்தியில் அன்பர், "இருபது குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில்" என்று தம் பட்டறையைப் பற்றித் தழுதழுக்கிறார். கடைசிப் பக்கத்தில், "எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தாது" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். 1948ஆம் ஆண்டின் சட்டப்படி மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை பார்த்தால் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிச் சலுகை காட்டியது. குடும்பத்துக்கு ஒருவர் என்று மிகக் குறைவாக எண்ணினாலும் அன்பரின் இருபது அந்தக் கோட்டின்மேல் சரியாக வந்து நிற்கிறது. சோறு போடுவது இருபது பேருக்கென்றால் வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது? பதிவேட்டில் உள்ளதுதான் மெய் என்றால் மலரில் அச்சான மற்றக் குடும்பங்கள் யாருடையவை? மறுப்பு எழுதுவதாக இருந்தால் இரண்டில் எந்த எண்ணை வைத்துக்கொள்கிறார் என்பதை மட்டும் எழுதினால் போதும். கைத்திறனைப் பற்றி மறுபடியும் நான்கு பக்கம் வேண்டாம்.